சையான் 5எம்எக்ஸ்: தினசரி வேலைக்கு எப்படி அமைப்பது? பேட்டரி, கார்டு, அஜெண்டா, வீட்டுக் கணக்கு

நெல்லைக்குறிப்பு · #1

சையான் 5எம்எக்ஸ் என்ற பழைய கைக்கணினி ஒன்று கையில் இருக்கிறது. திரை, விசைகள், தொடுபேனா எல்லாம் சரி. அலமாரியில் அழகுக்கு வைக்கிற எண்ணம் இல்லை. மூன்று வேலைக்கு வேண்டும்: நாள்குறிப்பும் நினைவூட்டலும், வீட்டு வரவு செலவு, நீளமாகத் தட்டச்சு செய்யும் குறிப்புகள். இணையம், மின்னஞ்சல் வேண்டாம், அதற்குப் போன் இருக்கிறது.

தெரிய வேண்டியவை: சார்ஜ் ஏற்றும் செல் போடலாமா? கார்டு எவ்வளவு பெரியது எடுக்கும்? விண்டோஸ் 11, லினக்ஸ் இரண்டும் இருக்கும் லேப்டாப்புக்குக் கோப்புகளைக் கொண்டுபோக எது லேசான வழி? தமிழுக்கு ஏதாவது வழி உண்டா?

ஈபோக்வாசி · #2

முதலில் ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். இந்தக் கருவியில் சி டிரைவ் என்று காட்டுவது வட்டும் இல்லை, ஃபிளாஷும் இல்லை. 16 எம்பி ராம். மின்சாரம் இருக்கும்வரைதான் அதில் கோப்புகள் இருக்கும். இயங்குதளமான ஈபோக்கும் வேர்டு (எழுத), ஷீட் (கணக்குத்தாள்) முதலிய சையானின் சொந்தச் செயலிகளும் இசட் டிரைவில், அதாவது ராமில், எழுதி அனுப்பப்பட்டவை, அவை அழியாது. நீங்கள் எழுதுவதுதான் அழியும். டி டிரைவ் என்பது காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டு. மின்சாரம் போனாலும் அதில் உள்ளது அப்படியே இருக்கும்.

ராமைக் காப்பது இரண்டு: இரண்டு டபுள்-ஏ செல்கள், ஒரு சிஆர்2032 காசு செல். டபுள்-ஏ செல்லை மாற்றும்போது ராமைத் தாங்குவது காசு செல். காசு செல்லை மாற்றும்போது தாங்குவது டபுள்-ஏ. இரண்டையும் ஒரே நேரத்தில் வெளியே எடுத்தால் சி டிரைவ் காலி. இரண்டில் ஒன்று செத்துக் கிடப்பது தெரியாமல் மற்றதை எடுத்தாலும் அதே கதிதான். பழைய கருவி வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் இழப்பதற்கு வழக்கமான காரணம் இதுதான்: காசு செல் பல வருடம் முன்னால் போட்டது.

அதனால் இன்றைக்கே செய்ய வேண்டிய வரிசை:

1. புது டபுள்-ஏ ஆல்கலைன் இரண்டு போடுங்கள். பழையதும் புதியதும் கலக்க வேண்டாம்.
2. கருவியை அணைத்துவிட்டு காசு செல்லை மாற்றுங்கள். பழையதை மல்டிமீட்டரில் பாருங்கள், 2.8 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் அதை இனி நம்ப முடியாது என்று அர்த்தம்.
3. கண்ட்ரோல் பேனலில் பவர் என்ற இடத்தில் இரண்டும் சரி என்று காட்டுகிறதா பாருங்கள்.
4. அதற்குப் பிறகுதான் தகவல் ஏற்றுங்கள்.

காசு செல்லை வருடத்துக்கு ஒரு தடவை, பொங்கலோ பிறந்தநாளோ ஒரு நாளை வைத்து, கேள்வி கேட்காமல் மாற்றிவிடுங்கள்.

ஈபோக்வாசி · #3

மேலே "ராமில் எழுதி அனுப்பப்பட்டவை" என்று விழுந்துவிட்டது. இசட் டிரைவ் ரோம். ராம் சி மட்டும்தான். திருத்த நேரம் முடிந்துவிட்டதால் இங்கே.

லண்டன்தெரு · #4

பற்றரி விசயத்தில் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேணும்.

நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் செல் போடலாம். ஒன்று 1.2 வோல்ட், இரண்டும் சேர்ந்து 2.4. கருவி அதில் ஓடும். பிரச்சினை அளவுகாட்டியில். அது ஆல்கலைன் செல்லை மனதில் வைத்துச் செய்தது. ஆல்கலைன் 1.5-இல் தொடங்கி மெல்ல மெல்ல இறங்கும். அதனால் காட்டி ஒழுங்காக இறங்கும். ஹைட்ரைட் செல் 1.2 பக்கத்திலேயே நெடுநேரம் நின்றுபோட்டு, கடைசியில் சடாரென்று விழும். எச்சரிக்கை வந்தால் உங்களுக்கு மிச்சம் இருக்கிறது கொஞ்ச நேரம்தான். எச்சரிக்கை வந்த உடனே மாற்றுகிற பழக்கம் இருந்தால் பயமில்லை. "இன்னும் ரெண்டு பக்கம் எழுதிப் போட்டு மாத்துவம்" என்கிற ஆள் என்றால் ஆல்கலைனோடேயே நிற்கிறது நல்லது.

இன்னொன்று: சும்மா வைத்திருந்தாலே வடியும் பழைய வகை ஹைட்ரைட் செல் வேண்டாம். தானாக வடிவது குறைந்த வகை, 2000 மில்லி ஆம்பியர்-மணி அளவுக்குள் இருக்கிறதைப் பாருங்கள். 2700, 2800 என்று பெரிய எண் போட்டவை பெரும்பாலும் வேகமாக வடியும். கருவிக்குள் வைத்துச் சார்ஜ் ஏற்ற முடியாது; மின் இணைப்பில் செருகினால் கருவி ஓடும், செல் ஏறாது. வெளியே ஒரு சார்ஜரும் நாலு செல்லும், இரண்டு உள்ளே இரண்டு தயாராக.

அடாப்டர் 6 வோல்ட். பொருந்துகிற ஊசியோடு கிடைத்த வேறு எதையும் செருக வேண்டாம். துருவம் எந்தப் பக்கம் என்று கருவியில் அச்சடித்திருக்கிற குறியைப் பார்த்துப்போட்டே செருகுங்கள்.

ஆல்கலைன் போட்டு மாதக்கணக்கில் பாவிக்காமல் வைக்கிறது மட்டும் கூடவே கூடாது. கசிந்தால் சுருளிலும் தகட்டிலும் வெள்ளைப் பொடி ஏறும். அது காரம், அதனால் வினிகரோ எலுமிச்சைச் சாறோ ஒரு சொட்டுப் பஞ்சில் எடுத்துத் துடைத்து, பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்ககோலால் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் போடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

நெல்லைக்குறிப்பு · #5

நன்றி. ஒரு ஜோடி செல் எத்தனை நாள் வரும் என்று எதிர்பார்க்கலாம்?

லண்டன்தெரு · #6

நாள் கணக்கு பொய் சொல்லும், மணிக் கணக்குப் பாருங்கள். பின்னொளி இல்லாமல் 20–30 மணி நேரம் திரை எரிகிற அளவுக்கு நல்ல ஆல்கலைன் தாங்கும். பின்னொளி போட்டால் அது பாதிக்கும் கீழே போகலாம். ஃபங்ஷன்+ஸ்பேஸ் அழுத்தினால் பின்னொளி. மெல்லிய "ங்ங்ங்" சத்தம் கேட்கும். அது பழுதில்லை, அந்த வகை ஒளித்தாளுக்கு வேண்டிய உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் சுருளின் சத்தம். அந்தத் தாள் பாவிக்கப் பாவிக்க மங்கும், திரும்ப வராது. பகலில் சன்னலோரம் இருந்தால் பின்னொளியே தேவைப்படாது.

கார்டு உள்ளே இருந்தால், அதிலிருந்து அடிக்கடி வாசித்து எழுதினால், அதுவும் இழுக்கும்.

ஈபோக்வாசி · #7

மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் ஒரு அமைப்பைப் பலர் தொடுவதில்லை. கண்ட்ரோல் பேனலில் "ஸ்விட்ச் ஆன்/ஆஃப்" என்று இருக்கும். மூடியைத் திறந்தால் எழ வேண்டும், மூடினால் உறங்க வேண்டும்: இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். திரையைத் தட்டினால் எழ வேண்டும் என்பதை எடுத்துவிடுங்கள். பையில் புத்தகத்துக்கு நடுவே அழுந்தினால் தேவையில்லாமல் விழித்துக்கொள்ளும். தானாக அணையும் நேரம் மூன்று நிமிடம் போதும். கையால் அணைக்க ஃபங்ஷன்+எஸ்கேப்.

கார்டைப் பற்றி: ஈபோக்குக்குப் புரிவது ஃபேட்16 என்ற கோப்பு முறை. அதன் உச்சம் 2 ஜிபி. ஆனால் உச்சத்துக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. ஒரு வருட நாள்குறிப்பும் கணக்கும் சில நூறு கேபி. 64 எம்பி, 128 எம்பி கார்டு கிடைத்தால் அதுவே ராஜா. பெரிய கார்டு போட்டால் செருகும்போதும் எழும்போதும் தயங்கும். லேப்டாப்பில் வைத்து ஃபேட்32 ஆக ஃபார்மேட் செய்து கொண்டுவந்தால் "வட்டு பழுது" என்று திருப்பி அனுப்பும். கருவியிலேயே ஃபார்மேட் செய்யுங்கள்.

கார்டு கதவைத் திறப்பதற்கு முன் டி டிரைவில் திறந்திருக்கும் எல்லாக் கோப்பையும் மூடுங்கள். கதவைத் திறந்த கணத்தில் கார்டு துண்டிக்கப்படும். எழுதிக்கொண்டிருந்த கோப்பு இருந்தால் கார்டைத் திரும்பப் போடச் சொல்லி நச்சரிக்கும். போடாவிட்டால் கோப்பு அரைகுறையாக நிற்கும்.

டாஸ்காரன் · #8

எல்லாரும் சையான் சையான் என்கிறீர்கள். கோப்பை வெளியே கொண்டுபோக இவ்வளவு யோசிக்க வேண்டியிருக்கிறதே, ஹெச்பி 200எல்எக்ஸ் கைக்கணினி பக்கம் யாரும் வரமாட்டீர்களா? 1994-இல் வந்தது, எம்எஸ்-டாஸ் 5 இயங்குதளம், லோட்டஸ் 1-2-3 கணக்குத்தாள் இரண்டும் ரோமிலேயே. அதுவும் இரண்டு டபுள்-ஏ, ஒரு சிஆர்2032. மெமோவில் எழுதினால் சாதாரண டெக்ஸ்ட் கோப்பு. பிசிஎம்சிஐஏ (அதன் கார்டுத் துளை வகை) அடாப்டரில் காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டைப் போட்டு எடுத்து லேப்டாப்பில் செருகினால் அப்படியே திறக்கும். மாற்றித் தரும் மென்பொருள் எதுவும் வேண்டாம். செல்லையும் உள்ளேயே சார்ஜ் ஏற்றலாம், செட்டப்பில் வகையைச் சொல்லிவிட்டால் போதும்.

ஈபோக்வாசி · #9

அதன் பெருமையை மறுக்கவில்லை. ஆனால் கேட்டவர் நீளமாகத் தட்டச்சு செய்ய வேண்டும் என்கிறார். 200எல்எக்ஸ் விசைகள் கால்குலேட்டர் பொத்தான். இரண்டு கட்டைவிரலால் அடிக்கலாம், பத்து விரலால் அடிக்க முடியாது. 5எம்எக்ஸ்-இன் விசைப்பலகை திறக்கும்போது முன்னால் நகர்ந்து வந்து, திரை அதன் மேல் சாய்ந்து நிற்கும். அந்தச் சாய்வுதான் தொடும்போது கருவி பின்னால் கவிழாமல் காக்கிறது. 17 சென்டிமீட்டர் அகலக் கருவியில் இதைவிட நல்ல விசைப்பலகை இன்றுவரை வந்ததாக நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அதை வடிவமைத்த மார்ட்டின் ரிடிஃபோர்டே 2018-இல் வந்த ஜெமினி பிடிஏ என்ற கைக்கணினிக்கும் வடிவமைத்தார் என்பதை வைத்தே தெரிந்துகொள்ளலாம்.

இருட்டில் 200எல்எக்ஸ் குருடு. பின்னொளி கிடையாது.

டாஸ்காரன் · #10

விசைப்பலகை விஷயத்தில் தோற்றேன். எண் அடிக்க வேண்டும் என்றால் மட்டும் 200எல்எக்ஸ்; தனி எண் விசைகள் அதில்தான். கணக்கு மட்டும் எழுதுகிறவருக்கு இன்னும் அதையே சொல்வேன்.

கணக்குப்பிள்ளை · #11

அப்ப வீட்டுக் கணக்கைச் சையான்லயே எப்படிப் போடறதுன்னு சொல்றேன்.

ஷீட்ல ஒரு வருஷத்துக்கு ஒரு கோப்பு வேண்டாம், மாசத்துக்கு ஒண்ணு. சின்னக் கோப்பு சட்டுனு திறக்கும், கெட்டுப்போனாலும் ஒரு மாசம்தான் போகும். நெடுவரிசை இப்படி: தேதி, விவரம், அப்புறம் வகைக்கு ஒண்ணா மளிகை, பால்-காய், போக்குவரத்து, மருந்து, கட்டணம், மத்தது. ஒவ்வொரு செலவுக்கும் ஒரு வரிசை, தொகை அந்தந்த வகைக்குக் கீழ. வகையை எழுத்தா எழுதி அப்புறம் சூத்திரம் போட்டுப் பிரிக்கலாம்னு தோணும். சின்னத் திரையில அது தலைவலி. தனித்தனி நெடுவரிசை போட்டா கண்ணாலயே தெரியும்.

மொத்தத்தை அடியில போடாதீங்க, மேல போடுங்க. மூணாவது வரிசையில மொத்தம், அஞ்சாவது வரிசையிலேர்ந்து பதிவு. சம் சூத்திரத்தை 5-லேர்ந்து 400 வரைக்கும் ஒரே தடவையா கொடுத்துடுங்க. அடியில போட்டா ஒவ்வொரு வரிசை சேர்க்கும்போதும் தள்ளணும்; ஒரு நாள் வரம்புக்கு வெளிய ஒரு வரிசை விழும், மொத்தம் குறையும், யாருக்கும் தெரியாது.

ரூபாய்க் குறி 2010-லதான் வந்தது, கருவி 1999. அதனால அந்தக் குறி எழுத்துருவுலயே இல்லை. கண்ட்ரோல் பேனல்ல நாணயக் குறியை ஆங்கிலத்துல ஆர்எஸ்னு மாத்திக்கலாம். லட்சத்துக்குக் காற்புள்ளி போடாது. ஒன்னேகால் லட்சம்னா 125,000-னுதான் காட்டும். கண்ணு பழகாதவங்க காற்புள்ளியையே நிறுத்திடுறது நல்லது, ஆயிரத்தையும் லட்சத்தையும் குழப்பிக்கிறதைவிட.

640-க்கு 240 புள்ளித் திரை. அகலம் தாராளம், உயரம் கம்மி. கருவிப்பட்டையை மறைச்சுட்டா இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கும். பெருசு பண்ண கண்ட்ரோல்+எம், சிறுசு பண்ண ஷிஃப்ட்+கண்ட்ரோல்+எம்.

நெல்லைக்குறிப்பு · #12

பிரமாதம். நாள்குறிப்புச் செயலி அஜெண்டாவைப் பற்றியும் இதே மாதிரி யாராவது?

கணக்குப்பிள்ளை · #13

அஜெண்டாவுல பதிவு பல வகை இருக்கு. எதை எதுல போடறதுங்கறதுதான் சூட்சுமம்.

மணி குறிச்ச வேலை, டாக்டர் அப்பாயின்ட்மென்ட் மாதிரி, அது ஒரு வகை. நேரம் இல்லாத நாள் பதிவு இன்னொண்ணு: "இன்னிக்கு வாடகை". பிறந்தநாள், திருமணநாள் ஆண்டுநிறைவு வகை; அதுல பிறந்த வருஷத்தைக் கொடுத்தா எத்தனாவதுன்னும் காட்டும். செய்ய வேண்டியது பட்டியல் தனி. ஒண்ணுக்கு மேல வெச்சுக்கலாம். வீடு, கடை, போன் பேச வேண்டியவங்கன்னு மூணு போதும், பத்து வெச்சா ஒண்ணையும் பார்க்க மாட்டோம்.

திரும்பத் திரும்ப வர்றதுல அஜெண்டா கில்லாடி. மின்கட்டணம் தமிழ்நாட்டுல ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை. மாதம், தேதிப்படி, ஒவ்வொரு 2-வதுன்னு போட்டா முடிஞ்சது. ரெண்டாவது சனிக்கிழமை கூட்டம்னா மாதம், கிழமைப்படி. கேஸ் சிலிண்டரை மட்டும் திரும்ப வர்றதா போடாதீங்க, அது ஒழுங்கா வராது. வந்த அன்னிக்கு ஒரு நாள் பதிவு. அப்புறம் தேடுனா முந்தின தேதியெல்லாம் வரிசையா வரும், எத்தனை நாள் தாங்குதுன்னு தெரியும்.

கருவி அணைஞ்சிருந்தாலும் அலாரம் எழுப்பும். ஆனா பையில துணிக்கு நடுவுல இருந்தா சத்தம் காதுக்கு வராது. மாத்திரை நேரத்துக்கெல்லாம் இதை மட்டும் நம்பாதீங்க, போன்லயும் வைங்க.

நேரத்துக்கு ஒரு எச்சரிக்கை: டைம் செயலியில சொந்த ஊரை ஒரு இந்திய நகரமா மாத்தி, கோடைநேரக் கட்டங்கள்ல இருக்கற டிக்கை எடுத்துடுங்க. இங்கிலாந்துலேர்ந்து வந்த கருவியில ஐரோப்பியக் கோடைநேரம் டிக் ஆகியே இருக்கும்.

ஈபோக்வாசி · #14

மேலே சொன்னதோடு ஒட்டி ஒரு விதி. அஜெண்டா கோப்பு சி-யிலேயே இருக்கட்டும், கார்டுக்கு மாற்றாதீர்கள். கார்டை லேப்டாப்புக்கு எடுத்துக்கொண்டு போகிற நேரத்தில் அலாரம் அடிக்கக் கோப்பே இருக்காது. வேர்டு, ஷீட் கோப்புகள் டி-யில் நேரடியாக இருக்கலாம்.

டாஸ்காரன் · #15

இது எனக்கு இடிக்கிறது. மின்சாரம் போனால் அழியும் இடத்திலா நாள்குறிப்பு?

ஈபோக்வாசி · #16

அதற்குத்தான் நகல். நியாயமான கேள்விதான், ஆனால் கார்டும் கதவு திறந்த நேரத்தில் கெடக்கூடியதே. சி-யில் வேலை, டி-யில் நகல் என்பது இரண்டு ஆபத்தையும் ஒரே நேரத்தில் வரவிடாது.

நகல் எடுப்பதில் இரண்டு பொறி.

ஒன்று, திறந்திருக்கும் கோப்பை சிஸ்டம் திரை (கோப்புகளைக் காட்டும் முதன்மைத் திரை) நகலெடுக்காது. பயன்பாட்டில் உள்ளது என்று சொல்லும். அஜெண்டா எப்போதும் திறந்தே கிடக்கும். முதலில் அதை மூட வேண்டும். ஈபோக்கில் செயலிக்கு வெளியே போவது வேறு, மூடுவது வேறு. கண்ட்ரோல்+ஈ அழுத்தி மூடிவிட்டு நகலெடுங்கள்.

இரண்டாவது பெரிய பொறி. எல்லாரும் டாக்குமெண்ட்ஸ் கோப்புறையை நகலெடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். 5எம்எக்ஸ்-இல் முகவரிகள் அதில் இல்லை. கான்டாக்ட்ஸ் கோப்பு சி டிரைவில் சிஸ்டம் என்ற கோப்புறைக்குள் டேட்டா என்ற உள்கோப்புறையில் இருக்கிறது. சிஸ்டம் கோப்புறை வழக்கமாகக் கண்ணில் படாது. சிஸ்டம் திரையில் கண்ட்ரோல்+கே அழுத்தினால் விருப்பங்கள் வரும். அங்கே சிஸ்டம் கோப்புறையைக் காட்டச் சொல்லுங்கள். பிறகு அதையும் சேர்த்து நகலெடுங்கள். எண்கள் மட்டும் போய்விட்டன என்று புலம்புகிறவர்கள் எல்லாரும் இதில் மாட்டியவர்களே.

கார்டில் கிழமைக்கு ஒரு கோப்புறை வைத்து மாறி மாறி எழுதுங்கள். ஒரே நகலின் மேல் திரும்பத் திரும்ப எழுதினால், கெட்ட கோப்பும் நல்ல நகலை அழித்துவிடும்.

விசிறி_ஓசை · #17

லேப்டாப் பகுதி.

மிக லேசான வழி: கம்பியே வேண்டாம். வேர்டில் ஃபைல், மோர் என்று போனால் டெக்ஸ்ட் கோப்பாக ஏற்றுமதி செய்யும் வசதி இருக்கிறது. டி டிரைவுக்கு ஏற்றுமதி செய்து, கார்டை யூஎஸ்பி கார்டு ரீடரில் போடுங்கள். சையான் வேர்டின் சொந்தக் கோப்பை லேப்டாப்பின் வழக்கமான செயலிகள் திறக்காது என்பதால் ஏற்றுமதி செய்வதே நல்லது. ஏற்றுமதியான கோப்பு யூனிகோட் இல்லை, விண்டோஸ் 1252 குறிமுறை. எடிட்டர் யூடிஎஃப்-8 என்று நினைத்துத் திறந்தால் பவுண்டு குறியும் வளைந்த மேற்கோளும் குப்பையாகத் தெரியும். குறிமுறையை மாற்றித் திறந்தால் சரியாகிவிடும்.

கம்பி வழி: கருவிப் பக்கம் 15 முனை ஹோண்டா இணைப்பான், மறுபக்கம் 9 முனை சீரியல். லேப்டாப்பில் சீரியல் இல்லை என்பதால் நடுவில் யூஎஸ்பி மாற்றி. மலிவு மாற்றிகளில் போலிச் சிப்பு வருவதுண்டு. விண்டோஸ் டிரைவர் அதைக் கண்டுபிடித்து மறுத்துவிடும். சாதன மேலாளரில் மஞ்சள் முக்கோணமும் பிழை எண் 10-ம் தெரிந்தால் கம்பியைக் குறை சொல்ல வேண்டாம், மாற்றியை மாற்றுங்கள். எஃப்டிடிஐ சிப்பு உள்ளவை தொல்லை தருவது அபூர்வம்.

விண்டோஸில் சைவின் என்ற பழைய மென்பொருள். 64 பிட் விண்டோஸில் நிறுவுவதே ஒரு சண்டை. லினக்ஸ் இருக்கும்போது அந்த வம்பு எதற்கு? சையானோடு பேசும் பிஎல்பிடூல்ஸ் தொகுப்பைப் போடுங்கள். அதில் என்சிபிடி என்ற பின்னணி நிரல் தொடர் துறையை (சீரியல் இணைப்பை) பிடித்துக்கொள்ளும். பிஎல்பிஎஃப்டிபி மூலம் கோப்பை இழுக்கலாம், தள்ளலாம். பிஎல்பிஃபியூஸ் கருவியை ஒரு கோப்புறையாகவே காட்டும். கருவியில் கண்ட்ரோல்+எல் அழுத்தி ரிமோட் லிங்கைக் கேபிளுக்கும், வேகத்தை 115200-க்கும் மாற்றுங்கள். இரண்டு பக்கமும் வேகம் ஒன்றாக இல்லாவிட்டால் பிழைச் செய்தி கூட வராமல் சும்மா இருக்கும். இணைப்பே வரவில்லை என்றால் உங்கள் பயனர் கணக்கு, தொடர் துறைக்கு அனுமதி தரும் டயல்அவுட் குழுவில் இருக்கிறதா என்று பாருங்கள். பாதி நேரம் அதுதான்.

வேலை முடிந்ததும் ரிமோட் லிங்கை அணையுங்கள். விட்டுவிட்டால் தொடர் துறைச் சுற்று விழித்தே இருந்து செல்லைக் குடிக்கும்.

நெல்லைக்குறிப்பு · #18

தமிழ்?

விசிறி_ஓசை · #19

கருவிக்குள் தமிழ் எழுத்து கிடையாது. 8 பிட் எழுத்துத் தொகுதி, யூனிகோட் இல்லை. நடக்கிற வழி ஒன்றுதான்: ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து, லேப்டாப்பில் ஒலிபெயர்ப்புக் கருவியில் மாற்றுவது.

அதற்கு அடிக்கும்போதே ஒழுங்கு வேண்டும். எந்த முறையில் மாற்றப் போகிறீர்களோ அதன் விதியை முதல் வரியிலிருந்தே பின்பற்றுங்கள்: ண, ள, ற மூன்றுக்கும் பெரிய எழுத்து, நெடிலுக்கு இரட்டிப்பு. குறுஞ்செய்தியில் அடிப்பது மாதிரி மனம் போனபடி அடித்தால் "பல்லி"யும் "பள்ளி"யும் ஒன்றாகி, திருத்த எடுக்கும் நேரத்தில் மறுபடி அடித்துவிடலாம். நடுவில் வரும் உண்மையான ஆங்கிலச் சொல்லைச் சதுர அடைப்புக்குள் வையுங்கள். மாற்றும்போது அதைத் தொடாமல் விடச் சின்ன ஸ்கிரிப்ட் போதும்.

எழுத்துப்பிழை திருத்தியை இதில் ஓட்டாதீர்கள். ஒவ்வொரு சொல்லிலும் நிற்கும்.

லண்டன்தெரு · #20

ஒருத்தரும் சொல்லாத முக்கியமான விசயம்: திரைக் கம்பி.

அடிப்பாகத்தையும் திரையையும் இணைக்கிறது மெல்லிய பட்டை. மூடி திறக்கத் திறக்க அது மடிந்து நிமிரும். வருசங்கள் போக உள்ளிருக்கும் செம்புக் கோடுகள் வெடிக்கும். இந்தக் கருவிகள் சாகிறது பெரும்பாலும் இதால்தான், பற்றரியாலோ நினைவகத்தாலோ இல்லை. முதல் அடையாளம்: குறிப்பிட்ட ஒரு கோணத்தில் மட்டும் திரையில் கோடுகள் ஓடும், அல்லது ஒரு பகுதி வெளிறும். இன்னும் கொஞ்சம் திறந்தால் சரியாகும். அதைப் பார்த்த அன்றைக்கே முழு நகல் எடுத்துப் போடுங்கள். திரை இல்லாமல் உள்ளே இருக்கிறதை வெளியே எடுக்கிறது பெரிய பாடு.

ஒழுங்கு: இரண்டு கையாலும், நடுவில் பிடித்து, கடைசி வரைக்கும் திறவுங்கள். அரைத் திறப்பில் வைத்து எட்டிப் பார்க்க வேண்டாம். ஒரு மூலையைப் பிடித்துத் தூக்க வேண்டாம். ஐந்து நிமிசத்துக்கு ஒருக்கா மூடித் திறக்கிறதைவிட ஃபங்ஷன்+எஸ்கேப்பால் அணைத்து, திறந்தபடியே மேசையில் விடுங்கள்.

மாற்றுப் பட்டைகள் விற்பனைக்கு வருகின்றன. ஆனால் மாற்றுவதற்குக் கீல் முழுவதையும் கழற்ற வேணும். சின்ன இணைப்பான்களின் தாழ்ப்பாளை நகத்தால் தூக்கிப் பழக்கம் இல்லாத ஆள் தொட வேண்டாம். இரண்டாவது கருவி ஒன்றை உதிரிப்பாகத்துக்காக வாங்கிறவர்கள், எரிக்சன் எம்சி218 கிடைத்தால் விட வேண்டாம். பெயர்தான் வேறு, உள்ளுக்குள் இதே 5எம்எக்ஸ். சையானின் இன்னொரு கருவியான ரெவோவை உதிரிக்கு வாங்க வேண்டாம். திரையும் வேறு, கார்டுத் துளையும் இல்லை, செல் உள்ளேயே பொருத்தியது.

டாஸ்காரன் · #21

செயலி உறைந்து நின்றால்? 200எல்எக்ஸில் கண்ட்ரோல்+ஆல்ட்+டெலிட். இதில்?

ஈபோக்வாசி · #22

முதலில் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+ஃபங்ஷன்+கே. முன்னால் நிற்கும் செயலியை மட்டும் கொல்லும். அதில் சேமிக்காதது போகும், மற்றவை பிழைக்கும். அதற்கும் அசையவில்லை என்றால் மென் மீட்டமைப்பு: ரீசெட் துளையில் பேனா முனையால் ஒரு அழுத்து. சி டிரைவ் கோப்புகள் நிற்கும். வன் மீட்டமைப்பு வேறு, அது சி-யைத் துடைத்துவிடும். கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நகல் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு மட்டும்.

கருவியை மூடினால் திறந்த கோப்பு சேமிக்கப்பட்டதாக அர்த்தம் இல்லை. உறக்கத்தில் நினைவில் நிற்கிறது, அவ்வளவே. பத்தி முடியும்போதெல்லாம் கண்ட்ரோல்+எஸ்.

இன்னொன்றும். கருவிக்கே கடவுச்சொல் போட்டு மறந்தால் வன் மீட்டமைப்பைத் தவிர வழி இல்லை. கோப்புக்குப் போடும் கடவுச்சொல் 1990-களின் பாதுகாப்பு. வங்கி விவரங்களை இதில் எழுதி வைக்க வேண்டாம்.

கணக்குப்பிள்ளை · #23

நெல்லை, போன்லயும் அஜெண்டாவுலயும் ஒரே சந்திப்பை ரெண்டு இடத்துல எழுதப் பார்க்காதீங்க. இந்தக் காலத்துப் போன் நாட்காட்டியோட அஜெண்டா பேசாது. குடும்பத்தோட பகிர்ற தேதி போன்ல, உங்களுக்கு மட்டுமானது அஜெண்டாவுல. கோடு போட்டு ரெண்டாப் பிரிச்சுட்டா நிக்கும், இல்லேன்னா ரெண்டு வாரத்துல ரெண்டும் பொய்.

நெல்லைக்குறிப்பு · #24

அப்படியே செய்கிறேன். கடைசியாக ஒன்று: மேல்மூடியின் ரப்பர் பூச்சு பிசுபிசுக்கிறது. கையில் ஒட்டுகிறது.

லண்டன்தெரு · #25

பூச்சு காலத்தால் சிதைகிறது, துடைத்துச் சரிப்படுத்த ஏலாது. முழுதாக எடுக்க வேணும். ஐசோபுரோப்பைல் ஆல்ககோலில் நனைத்துப் பிழிந்த துணியால், ஒரு நேரத்தில் உள்ளங்கை அளவு இடமாகத் தேயுங்கள். பூச்சு உருண்டு உருண்டு வரும், துணியை மாற்றிக்கொண்டே இருங்கள். நகச்சாயம் அழிக்கிற அசிட்டோன் வேண்டாம், பிளாஸ்டிக்கையே கரைக்கும். எழுத்து அச்சிட்ட இடத்திலும் திரையிலும் ஆல்ககோல் படாமல் முதலில் நாடா ஒட்டுங்கள். செல்லைக் கழற்றாமல், மூடியபடி, அணைத்த நிலையில் செய்யுங்கள். சி டிரைவ் ஞாபகம் இருக்கட்டும்.